பழைய எம்.எக்ஸ்-5 காரைத் தடத்தில் இறக்குவதற்கு முன்

பிப்ரவரி 4 — கேள்வி

என்னிடம் 1991ஆம் ஆண்டின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 இருக்கிறது, 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், துணிக்கூரை. ஏப்ரலில் நடக்கவிருக்கும் ட்ராக் டே ஒன்றுக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். இதற்கு முன் பந்தயத் தடத்தில் ஓட்டிய அனுபவம் இல்லை. ஏறத்தாழ 115 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு போனால் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால், கையில் இருக்கும் பணத்தை டர்போவில் போடலாம் என்று நினைக்கிறேன். பிரேக் சாலையில் நன்றாகவே பிடிக்கிறது. அதைத் தொட வேண்டிய தேவை இருப்பதாகத் தெரியவில்லை. இந்த முடிவு சரிதானா?

பிப்ரவரி 4, இரவு

சரியில்லை. ஓராண்டுக்கு டர்போ என்ற பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பணத்தைப் பிரேக்கிலும் டயரிலும் தடத்தில் ஓட்டும் நேரத்திலும் போடுங்கள். இதே தலைமுறைக் காரை, இதே இன்ஜினுடன், நான் ஒன்பது ஆண்டுகளாகத் தடத்தில் ஓட்டி வருகிறேன். இன்றுவரை அதன் திறனைக் கூட்டவில்லை.

சாலையில் பிடிக்கும் பிரேக் தடத்திலும் பிடிக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஓட்டுபவரையும் சேர்த்துக் காரின் எடை ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்து நிறுத்தும்போது ஏறத்தாழ 140 கிலோஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. நேர்பாதையின் முடிவில் 160இல் இருந்து 80க்குக் குறைக்கும்போது, கார் நின்றுவிடவில்லை என்றாலும், ஏறத்தாழ 740 கிலோஜூல் இறங்குகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதே காரணம். இதை ஒரு சுற்றில் மூன்று நான்கு முறை, இருபது நிமிடம் விடாமல் செய்யப் போகிறீர்கள். டர்போ பொருத்தினால் அதே வளைவுக்கு இன்னும் வேகமாக வந்து சேர்வீர்கள். முப்பது வயதைத் தாண்டிய அதே பிரேக்தான் அதையும் தாங்க வேண்டும்.

என் முதல் ட்ராக் டேயில், மூன்றாவது ஓட்டத்தில் பிரேக் கைவிட்டது. சாலைக்கான பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை), சூடேறியதும் பிடிப்பை இழந்துவிட்டது. ஆகவே முதல் செலவு தடத்துக்கு ஏற்ற பேட் என்பதே என் பதில்.

பிப்ரவரி 5

காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். பல காப்பீடுகள் பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை, சில தடங்களில் இடிபட்ட தடுப்புக்கும் ஓட்டியவரே பணம் கட்ட வேண்டியிருக்கும். காரை முழுமையாக இழந்தாலும் குடும்பம் தாங்குமா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பிப்ரவரி 7

பேட்டைப் பற்றி 4ஆம் தேதி எழுதியது தவறு. அதைத் திருத்துகிறேன்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் காரில் உட்கார்ந்தபடியே நாலு வரி எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. நேற்று அந்தக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாவது ஓட்டத்துக்கு நேரே, "பெடல் பஞ்சு போல் இறங்குகிறது, இரண்டு முறை அடித்தால் மேலே வருகிறது" என்று எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாகப் பேட்டின் மேல் பழியைப் போட்டுவந்தேன். ஆனால் இந்த அறிகுறி பேட்டுக்கு உரியதன்று. பேட் சூடாகிப் பிடிப்பை இழந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வேகம் மட்டும் குறையாது. பெடல் பஞ்சாகித் தரையை நோக்கி இறங்கினால், பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கின்றன என்று பொருள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

அன்று நடந்தது இன்னும் கண்முன் நிற்கிறது. நேர்பாதையின் முடிவில் 100 மீட்டர்ப் பலகை கடந்தது. கால் வைத்தேன். வழக்கமாகப் பெடல் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. அதற்குக் கீழே வெறுமையாக இருந்தது, ஷூவின் நுனி தரைவிரிப்பைத் தொட்டது. காலை எடுத்து மறுபடி அடித்தேன், கொஞ்சம் கிடைத்தது. மூன்றாவது அடியில் பாதி கிடைத்தது. அதற்குள் வளைவு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகச் சரளைப் படுகைக்குள் போனேன், கற்கள் காரின் அடித்தட்டில் மழை போல் அடித்தன, கார் நின்றது. காருக்குப் பெரிய சேதமில்லை. திருப்ப முயன்றிருந்தால் சரளையில் பக்கவாட்டாக இறங்கி உருண்டிருக்கக்கூடும் என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகையைக் குறிக்கும் பெயர். டாட் 3 தரத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 140 மட்டுமே. டாட் 4க்கு அவை 230, 155. டாட் 5.1க்கு 260, 180. அன்று என் காரில் இருந்தது, எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாத பழைய ஆயில்.

ஆகவே முதல் செலவு புதிய பிரேக் ஆயில். பேட் அதற்கு அடுத்தது. பிரேக் ஹோஸ்களின் ரப்பரும் காரின் வயதுடையதாக இருந்தால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 8

எண் பெரிதாக இருப்பதால் டாட் 5 இன்னும் நல்லதல்லவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. டாட் 5 சிலிக்கான் அடிப்படையிலானது; மற்ற மூன்றும் கிளைக்கால் அடிப்படையிலானவை. அவற்றோடு அதைக் கலக்கக் கூடாது. டாட் 5, டாட் 5.1 என்ற இரு பெயர்களும் ஒன்றுபோல் தோன்றுவதால் டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்துவிட்டு ஊற்றுங்கள்.

பிப்ரவரி 12

போர்ஷே 944 வைத்திருப்பவர் ஒருவரும், பி.எம்.டபிள்யூ இ36 வாங்கப்போகிறவர் ஒருவரும் இந்த இழையில் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று கார்களுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய காரில் இரும்பை விட ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் முதலில் ஏமாற்றும். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நின்றுகொண்டே இருந்த காரிலும் ஹோஸ் கெட்டியாகும், பெல்ட்டில் வெடிப்பு விழும், சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் நொறுங்கும்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ் ஒவ்வொன்றையும் கிளிப்புக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்து திரும்பவும் எழ வேண்டும். கல் போல் இருந்தாலும், உள்ளே நொறுங்குவது போல் உணர்ந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இ36இல் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து வயதாகி உடைவதும், பிளாஸ்டிக் இதழ்கள் கொண்ட வாட்டர் பம்ப் உள்ளுக்குள் சிதைவதும் அறியப்பட்ட கோளாறுகள். தடத்தில் நீண்ட நேரம் உயர் சுழற்சியில் ஓடும்போது அவை தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. எம்.எக்ஸ்-5இன் இந்த 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் நின்றுபோகும், வால்வும் பிஸ்டனும் மோதுவதில்லை. 944இல் அறுந்தால் மோதும், வால்வுகள் வளையும். முந்தைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னார் என்பது போதாது. பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் காரில் இருப்பது உண்மையான ஆயில் அழுத்தமானி. இதே தலைமுறையின் பிற்காலக் கார்களில் அந்த முள், அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டும். தடத்தில் நீண்ட வளைவுகளில் இன்ஜின் ஆயில், அது தேங்கும் அடிக்கிண்ணமான சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கும். மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும், பேரிங்குகள் உலர்ந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் முள் சரிவதைக் கண்டால் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிடுங்கள்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ தேய்மானம் இருக்கிறது. அதோடு தடத்துக்குப் போகக் கூடாது. வீல் நட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். உங்கள் காருக்கு 88 முதல் 118 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

டயரை நேற்று விட்டுவிட்டேன். பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் (பிரேக் ஆயிலின் தரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று எண்கள் மட்டுமே இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய டயர். எத்தனை அழகாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். நான் கார் வாங்கியபோது பட்டன் முழுதாக இருந்த டயரைப் பார்த்து மகிழ்ந்தேன். வயது பதினொன்று. ஈரமான முதல் வளைவிலேயே அது கண்ணாடி மேல் போவது போல் போனது.

பிப்ரவரி 20

இதுவரை காரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாளின் பெரும்பகுதி ஓட்டுபவரைப் பற்றியது, அதை எழுதத் தாமதித்தது என் பிழை.

பயிற்றுநர் கிடைத்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்தச் செலவையும் குறைத்து இதைச் செய்யலாம். எனக்குக் கிடைத்தவர் அதிகம் பேசாதவர். இரண்டாவது சுற்றில் வலது கையை நீட்டி, கண்ணாடி வழியே வெகுதூரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "அங்கே பாருங்கள்" என்றார். நான் காரின் மூக்குக்கு முன்னால் இருந்த தார்த்துண்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை உயர்த்தி, வளைவுக்குள் நுழையும்போதே அதன் வெளிவாயைத் தேடத் தொடங்கியதும், அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த கைகள் தாமாகவே அமைதியாயின. அதே வேகம்தான், ஆனால் நேரம் கூடிவிட்டது போல் இருந்தது.

அடுத்தது டயரின் பிடிப்பு. பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் ஒரே பணப்பையிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். முழுப்பணத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சமில்லை. ஆகவே தொடக்கத்தில் பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துவிட்டு, கியரை இறக்கி, அதன் பிறகு திருப்புங்கள். குதிகாலும் விரலுமாக இரண்டு பெடலை ஒரே காலால் மிதிக்கும் வித்தையை முதல் நாளில் முயல வேண்டாம். அதைச் சாலையில் மெதுவாக ஓட்டும்போதே, பல வாரங்கள் பழகிக்கொள்ளலாம்.

மூன்றாவது நான் வலியோடு கற்றுக்கொண்டது. வேகமாக வளைவுக்குள் வந்துவிட்டோம் என்று பயந்தால், கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று எழுந்துவிடும். உடம்பின் இயல்பு அது. அந்த நொடியில் எடை முன்சக்கரங்களுக்குப் போகிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன, பின்பக்கம் சுழன்று முன்னே வர முயல்கிறது. எம்.எக்ஸ்-5இல் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் அது கொஞ்சம் எச்சரித்துவிட்டுத்தான் சுழலும். இன்ஜினைப் பின்னால் கொண்ட பழைய போர்ஷே 911 அவ்வளவு பொறுமை காட்டாது. 1989இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்.ஆர்.2வின் நடுவில் இன்ஜின். அதன் பின்பக்கம் திடீரென்று விலகுகிறது என்ற புகார்களுக்குப் பிறகு டொயோட்டாவே சஸ்பென்ஷனைத் திருத்தியமைத்தது. முதல் காருக்கு எம்.ஆர்.2 ஏற்றதா என்று கேட்டவருக்கு இதுவே விடை. பழகிய கைக்கு அது அருமையான கார், பழகும் கைக்கு வேண்டாம்.

சுழன்றேவிட்டால் இரண்டு காலையும் அழுத்துங்கள், கிளட்ச்சும் பிரேக்கும் முழுமையாக. கார் நிற்கும்வரை பிரேக்கை விடக் கூடாது. விட்டால் அது உருண்டு மற்றவர்களின் பாதையில் குறுக்கே வரும்.

பிப்ரவரி 23

உங்கள் கார் துணிக்கூரை கொண்டது என்பதை மறந்திருந்தேன். இந்தத் தலைமுறையில், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரைத் தொழிற்சாலை பொருத்தித் தருவதில்லை. கவிழ்ந்தால் உங்கள் தலைக்கும் தரைக்கும் நடுவே முன்கண்ணாடிச் சட்டம் மட்டுமே இருக்கும், அது எடையைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. பல ஏற்பாட்டாளர்கள் ரோல் பார் இல்லாத திறந்த காரை அனுமதிப்பதே இல்லை. அனுமதித்தாலும் நான் போகமாட்டேன். பொருத்திய பிறகு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிவரை ஒரு நீண்ட கம்பை வைத்தால், அது ஹெல்மெட்டைத் தொடாமல் போக வேண்டும்.

ஹெல்மெட்டில், ஸ்னெல் என்ற சோதனை அமைப்பு தரும் எஸ்.ஏ. முத்திரையைப் பாருங்கள். எம். என்று இருப்பது மோட்டார் சைக்கிளுக்கானது. எஸ்.ஏ. வகையில் தீயைத் தாங்கும் சோதனையும் உண்டு. எந்த ஆண்டின் தரத்தை ஏற்பார்கள் என்பதை வாங்குவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மார்ச் 2

டயரில் எவ்வளவு காற்று அடிப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் நானே 34 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) அடித்துக்கொண்டு போவேன்; பக்கச்சுவர் மடங்கக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பினேன். அளந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. தடத்தில் டயர் சூடாகும்போது அழுத்தம் ஆறேழு பி.எஸ்.ஐ. எளிதாகக் கூடிவிடுகிறது. 34இல் கிளம்பினால் 40ஐத் தாண்டி, டயர் நடுவில் உப்பி, பிடிப்பு போய்விடும். உங்கள் காருக்குத் தொழிற்சாலை சொன்ன அளவு 26. அதிலிருந்து தொடங்கி, ஓட்டம் முடிந்து உள்ளே வந்தவுடன், டயர் ஆறுவதற்கு முன்பே அளந்து, சிறிது சிறிதாகத் திருத்துங்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கியிருந்தால் வீடு திரும்பும் முன் மறுபடி அடிக்க வேண்டும் என்பதை எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவையுங்கள்.

மார்ச் 16

கொடிகள். மஞ்சள் அசைந்தால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், தாண்டக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் தடம் வழுக்குகிறது. நீலம், பின்னால் வேகமான கார். கறுப்பு, உடனே பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடம்) வர வேண்டும். சிவப்பைக் கண்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது; ஆனால் மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டுமா, ஓரத்தில் நிற்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். காலைக் கூட்டத்தில் சொல்வார்கள், தூங்காமல் கேளுங்கள்.

தாண்டுவது பற்றி நீங்கள் கவலைப்பட்டீர்கள். தொடக்கக் குழுக்களில் முன்னால் போகிறவர் கையால் பக்கம் காட்டிய பிறகே பின்னால் வருபவர் தாண்ட வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. கையைக் காட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், உங்கள் கோட்டை விட்டு விலகாதீர்கள். வழிவிடுவதில் எந்த இழப்பும் இல்லை.

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் பேட் டிஸ்கை ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு தடம் பதித்துவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மார்ச் 17

காருக்குள் எதுவும் உருளக் கூடாது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்று இருக்கைக்கு அடியிலிருந்து பிரேக் பெடலுக்குக் கீழே வருவதற்கு ஒரு நொடி போதும். ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஏப்ரல் 14

நீங்கள் எழுதியதைப் படித்து உண்மையாகவே மகிழ்ந்தேன். நேர்பாதையில் பலர் தாண்டினார்கள், வளைவுகளில் அவர்களில் இருவரை மீண்டும் பிடித்தீர்கள், மூன்று ஓட்டம் முடிந்ததும் களைப்பை உணர்ந்து நான்காவதை விட்டுவிட்டீர்கள். நான்காவதை விட்டது அன்றைய மிகச் சிறந்த முடிவு. களைத்த கண் முதலில் மறப்பது பிரேக் வைக்கும் இடத்தை.

டர்போவுக்கு ஓராண்டு பொறுங்கள் என்று நான் எழுதியதற்குக் கணக்கு எதுவும் இல்லை. வாய்க்கு வந்த அளவு அது. இப்போது இப்படிச் சொல்வேன். ஒரே தடத்தில் தொடர்ந்து ஐந்து சுற்றுகளை ஒரு நொடி வேறுபாட்டுக்குள் ஓட்ட முடிகிறவரை, இன்ஜினில் எதை மாற்றினாலும் அதன் பயனை அறிந்துகொள்ள உங்களிடம் அளவுகோல் இருக்காது.

மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் பெடல் "சற்று நீளமாக" இருந்தது என்ற ஒரு வரி மட்டும் என்னை உறுத்துகிறது. ஆயில் புதியது என்பதால் அதைச் சாதாரணமாக விட்டுவிட்டீர்கள். ஒருமுறை சூடேறிய ஆயிலில் குமிழிகள் தங்கியிருக்கலாம், சாலையில் ஓட்டும்போது அது தெரியவே தெரியாது. அடுத்த ட்ராக் டே வரை காத்திராமல் இந்த வாரமே நான்கு காலிப்பர்களிலும் காற்றை எடுத்துவிடுங்கள். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, காலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான குழாயைப் பொருத்தி, குமிழி வருவது நிற்கும்வரை பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே மேலே உள்ள டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள், அது காலியானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பேட்டையும் அப்போதே கழற்றி, மீதமுள்ள கனத்தை மில்லிமீட்டரில் அளந்து இங்கே எழுதுங்கள்.